'வினை இல்லை'ன்னு எழுதுன பிள்ளைக்கு மார்க் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

உங்க பேப்பர்ல பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் போடுறீங்க, எங்க பக்கம் டீக்கடையில அந்தப் பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கிட்டுப் போற தாய் தகப்பன் நெறைய பேர் இருக்காங்க, அதனாலதான் இதை உங்களுக்கே எழுதுறேன். நான் திருப்பாலைக்குடி பக்கம் வீட்டுல வச்சு கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்குறேன். வர்ற பிள்ளைகள்ல பாதி உப்பளத்து வேலைக்குப் போற வீட்டுப் பிள்ளைக, மிச்சம் கடலுக்குப் போற வீடு.

விஷயம் என்னன்னா, ஒரு ஸ்கூல் பரீட்சையில ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. சோடியம் குளோரைடு கரைசலையும் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலையும் கலந்தா என்ன விளைபொருள் கிடைக்கும்னு. என்கிட்ட படிக்கிற பொண்ணு "வினை நிகழாது, நாலு அயனியும் கரைசல்லயே இருக்கும்"னு எழுதியிருக்கு. முட்டை போட்டுட்டாங்க. அவங்க எதிர்பார்த்த பதில் பொட்டாசியம் குளோரைடும் சோடியம் நைட்ரேட்டும். எந்த ஸ்கூல், யார் திருத்துனாங்கன்னு சொல்ல நான் வரலைங்க, இது ஒரு ஸ்கூல் பிரச்சினையும் இல்லை. கைடு புக்கு பூராம் இப்படித்தான் இருக்கு, ரெண்டு உப்பு பேரை எழுது, முன்னாடி உள்ள உலோகத்தை இடம் மாத்து, சமன்படுத்து, ரெண்டு மார்க். இரட்டை இடப்பெயர்ச்சின்னு பேரு வச்சு பிள்ளைகளை இதுக்கே பழக்கி விட்டுட்டாங்க, உண்மையில அந்த டம்ளருக்குள்ள ஏதாச்சும் நடந்துச்சான்னு யாரும் கேக்குறதே இல்லை.

தண்ணியில கரைஞ்ச உப்பு உப்பா இருக்குறதில்லைங்க. சோடியம் தனியா, குளோரைடு தனியா, பொட்டாசியம் தனியா, நைட்ரேட் தனியா, மின்னூட்டம் உள்ள துகளா, அதான் அயனியா, சுத்திக்கிட்டு இருக்கும். ஆடி அமாவாசை அன்னைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துல குளிக்கிற கூட்டத்தைப் பாருங்க, தண்ணிக்குள்ள நிக்கிற வரைக்கும் யார் யாரோட வந்தாங்கன்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாது, கரையேறும்போதுதான் தெரியும். உப்புக்கரைசலும் அதேதான். ரெண்டு கரைசலைக் கலக்குனா யாராச்சும் ஒரு ஜோடி கரையேறணும், வீழ்படிவா கீழ இறங்கணும், இல்ல வாயுவா மேல போகணும், இல்ல தண்ணியா, இல்ல லேசுல பிரியாத வேற ஒரு பொருளா மாறணும். இல்லைன்னா எலக்ட்ரான் கைமாறி ஆளே வேற ஆளா ஆகணும். இதுல ஒண்ணுமே நடக்கலைன்னா வினை இல்லை. அவ்வளவுதான். அந்தப் பொண்ணு எழுதுனது நூத்துக்கு நூறு சரி.

இதுல இன்னொண்ணு இருக்கு, அதைத்தான் என்னால விட்டுட்டுப் போக முடியலை. சரி, கலந்தது போதும், அடுப்புல வச்சு வத்தக் காய்ச்சிப் பாப்போம்னு வச்சுக்கங்க. அந்த நாலு அயனியில இருந்து நாலு உப்பு வரலாம். 100 கிராம் தண்ணி 100 டிகிரி சூட்டுல இருந்தா பொட்டாசியம் நைட்ரேட் 240 கிராமுக்கு மேலயும், சோடியம் நைட்ரேட் 175 கிராமுக்கு மேலயும் கரையும், பொட்டாசியம் குளோரைடு ஒரு 56 கிராம், ஆனா சோடியம் குளோரைடு வெறும் 39 கிராம்தான். அப்ப கொதிக்கக் கொதிக்க முதல்ல வெளிய விழுறது யாரு? சாப்பாட்டு உப்பு. அதை சூட்டோட வடிகட்டிட்டு மிச்சத்தை ஆற விடுங்க, 20 டிகிரியில பொட்டாசியம் நைட்ரேட் 32 கிராம் கிட்டத்தான் கரையும், அதனால அது பாளம் பாளமா இறங்கும். ஆக மொத்தம் கைக்கு வர்றது நம்ம முதல்ல போட்ட அதே ரெண்டு உப்பு. கைடுல போட்டிருக்குற விடை அப்படியே தலைகீழ். 19-ம் நூற்றாண்டுல ஜெர்மனிக்காரங்க சிலி நாட்டுல இருந்து வந்த சோடியம் நைட்ரேட்டையும் தங்களோட நாட்டுலயே இருக்குற ஸ்டாஸ்ஃபர்ட் ஊர் சுரங்கத்து பொட்டாசியம் குளோரைடையும் கலந்து காய்ச்சி இந்த வழியிலதான் வெடியுப்பு, அதான் பொட்டாசியம் நைட்ரேட், எடுத்தாங்க. கைடு சொல்ற திசைக்கு நேர் எதிர் திசையில பெரிய தொழிலே நடந்திருக்கு.

அந்தப் பொண்ணுக்கு இது எப்படித் தெரிஞ்சுச்சுன்னு கேட்டேன். உப்பளத்துல அவ தாத்தாவுக்கு சோறு கொண்டு போற பொண்ணு அது. "கடல் தண்ணியில அம்புட்டும் கலந்துதானே சார் கெடக்கு, ஆனா எல்லாம் ஒண்ணா வர்றதில்லையே, ஒவ்வொண்ணாத்தானே வருது"ன்னுச்சு. இதை விட நல்லா நான் சொல்லிக் குடுக்க முடியாது.

நம்ம கடல் தண்ணி 1 கிலோவை எடுத்தா சுமாரா சோடியம் 10.8 கிராம், மெக்னீசியம் 1.3, கால்சியம் 0.4, பொட்டாசியம் 0.4, அங்கிட்டு குளோரைடு 19.4, சல்பேட் 2.7, கொஞ்சூண்டு பைகார்பனேட். நாலு உலோகம், மூணு எதிர் அயனி, பேப்பர்ல ஜோடி போட்டா 12 உப்பு வரும். உப்பளத்துல நடக்குறது என்னன்னு பாருங்க. கடல் தண்ணியை டிகிரி மீட்டர்ல, அதான் தண்ணியோட அடர்த்தியை அளக்குற கருவியில, பாத்தா 3, மூணரை பாமே டிகிரி காட்டும், இது சூட்டு டிகிரி இல்லை. பெரிய தேக்கத்துல விட்டு வெயில்ல காய விடுறாங்க, முதல்ல சுண்ணாம்பு கார்பனேட் லேசா படியுது, இரும்புத் துருவும் கூடச் சேர்ந்து படியும். தண்ணி வத்தி அஞ்சுல ஒரு பங்கு ஆகுற நேரம், 13 டிகிரி சுமாருக்கு, ஜிப்சம், அதான் கால்சியம் சல்பேட், இறங்க ஆரம்பிக்குது. பத்துல ஒரு பங்கா வத்துனப்புறம், 25 டிகிரி வாக்குலதான் சாப்பாட்டு உப்பு. இந்த வரிசையை 1849-ல உசிக்லியோன்னு ஒருத்தர் மத்தியதரைக் கடல் தண்ணியைக் காய்ச்சி அளந்து எழுதி வச்சாரு. எங்க ஊர் ஆளுக ஏட்டைப் பாக்காமலே தினம் அதே வரிசையைத்தான் நம்பி பாத்திக்குப் பாத்தி தண்ணி மாத்துறாங்க.

அந்தத் தாத்தாகிட்ட நான் நேர்ல கேட்டதை எழுதுறேன். "ஏன் இன்னும் உப்புப் பாத்திக்குத் தண்ணி விடலை"ன்னு கேட்டேன். "இன்னும் ரெண்டு டிகிரி ஏறட்டும் சார், இப்பப் பாய்ச்சுனா ஜிப்சமும் கூடவே வந்துரும், உப்பு அழுக்காப் போயிரும்"னாரு. அதே மாதிரி 29, 30 டிகிரிக்கு மேல போனா மிச்சத் தண்ணியை வெளிய விட்டுருவாரு, ஏன்னா அதுக்கு மேல விட்டா மெக்னீசியம் உப்பு கூடச் சேர்ந்து இறங்கும், உப்பு கசக்கும், ஜாடியில போட்டா தண்ணி விடும். நம்ம வீட்டுல ஐப்பசி கார்த்திகை மழையில கல்லுப்பு ஜாடி கசியுதுல்ல, அதுக்குப் பெரும்பங்கு காரணம் அந்த மெக்னீசியம் குளோரைடு, காத்துல இருக்குற ஈரத்தை இழுத்து அதுலயே கரைஞ்சுரும். எந்த நேரத்துல எந்த உப்பு வரும், எது வராம தண்ணியிலயே தங்கும்னு கணிச்சு வேலை பாக்குற மனுசன் அவர். விளைபொருளை முன்கூட்டியே சொல்றதுங்கறது இதுதானே?

ஆனி ஆடியில கச்சான் காத்து அடிக்கிற நாள்ல உப்புப் பாத்தியைக் கிட்டப் போய் குனிஞ்சு பாக்கணும். தண்ணி மேல மெல்லிசா வெள்ளையா மிதக்கும், கண்ணைக் கிட்ட கொண்டு போனா குட்டிக் குட்டி சதுரம், நடுவுல படிப் படியாக் குழி விழுந்து தலைகீழ்க் கூம்பா இருக்கும், காத்துல லேசா அலை தட்டுனா அப்படியே கீழ அமுங்கிரும். அதுக்கு முந்துன பாத்தியில காலை விட்டா அடியில சுருக் சுருக்குன்னு குத்தும், அது ஜிப்சம், ஊசி ஊசியா இருக்கும். ஒரே கடல் தண்ணி, பக்கத்துப் பக்கத்துப் பாத்தி, ரெண்டு வேற உப்பு. எந்த கைடுலயும் இது இல்லை.

கால்சியம் வெறும் 0.4 கிராம், சோடியம் 10.8 கிராம், பின்ன ஏன் கால்சியம் முந்துதுன்னு பிள்ளைக கேப்பாங்க, கேக்கணும். ஜிப்சம் 1 லிட்டர் நல்ல தண்ணியில ரெண்டு கிராம் சொச்சம்தான் கரையும், சாப்பாட்டு உப்பு 350 கிராமுக்கு மேல கரையும். யாரு எம்புட்டு இருக்காங்கன்னு மட்டும் பாத்தா பத்தாது, அந்த ஜோடியால எம்புட்டு தாங்க முடியும்னும் பாக்கணும், ஜோடியில உள்ள அயனிகளோட செறிவைப் பெருக்கி அந்த எல்லையைத் தாண்டுதான்னு பாக்குறதுக்குத்தான் பிளஸ் ஒன், பிளஸ் டூவுல கரைதிறன் பெருக்கம்னு பாடமே இருக்கு. அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்குங்க, நல்ல தண்ணியை விட உப்புத் தண்ணியில ஜிப்சம் கூடுதலாக் கரையும், சுத்தி நிக்கிற சோடியமும் குளோரைடும் கால்சியத்தையும் சல்பேட்டையும் ஒண்ணை ஒண்ணு லேசுல நெருங்க விடாது. அதனால நல்ல தண்ணிக் கணக்கை வச்சுக்கிட்டு "இந்நேரம் இறங்கியிருக்கணுமே"ன்னு சொல்ல முடியாது. கணக்கு முக்கியம், ஆனா எந்தத் தண்ணிங்கறது அதை விட முக்கியம்.

உப்புக் குளத்தைப் பாத்து கெமிஸ்ட்ரியே திசை மாறுன கதை ஒண்ணு இருக்கு, அதைப் பிள்ளைகளுக்கு ஒருத்தரும் சொல்றதில்லை. 18-ம் நூற்றாண்டுல ஐரோப்பாவுல எந்தப் பொருள் எதோட சேர ஆசைப்படும்னு அட்டவணை போட்டு வச்சிருந்தாங்க, 1718-ல ஜியோஃப்ராய் போட்டது, 1775-ல பெர்க்மன் போட்டது. அந்த அட்டவணையைப் பாத்து இன்னது சேர்த்தா இன்னது வரும், எப்பவும் வரும்னு முடிவு கட்டுவாங்க. 1798-ல நெப்போலியன் எகிப்துக்குப் போனப்ப கூடப் போன பெர்தோலேங்கற கெமிஸ்ட்ரிக்காரர் அங்க நேட்ரான் பள்ளத்தாக்குல உப்பு ஏரிகளைப் பாத்தாரு. லேபுல சோடியம் கார்பனேட்டையும் கால்சியம் குளோரைடையும் கலந்தா சுண்ணாம்புக் கார்பனேட் விழும், சாப்பாட்டு உப்பு கரைசல்ல தங்கும், எல்லாருக்கும் தெரிஞ்சது. அந்த ஏரிக்கரையில நேர் எதிரா நடந்திருக்கு, சுண்ணாம்புக் கல்லு மேல உப்புத் தண்ணி காலங்காலமா நின்னு கரையில சோடா உப்பு, அதான் சோடியம் கார்பனேட், பூத்துக் கெடக்கு. உப்பு அம்புட்டு ஏராளமா இருந்ததுனாலதான் வினை திரும்பிப் போயிருக்குன்னு அவர் புரிஞ்சுக்கிட்டாரு. யாருக்கு யாரைப் பிடிக்கும்கறது மட்டும் முடிவு பண்ணாது, யார் எம்புட்டு இருக்காங்கறதும் முடிவு பண்ணும்னாரு. அதுல இருந்துதான் பின்னால 1864-ல குல்ட்பர்க், வாகே ரெண்டு பேரும் வினை போற போக்கைப் பொருளோட செறிவும் தீர்மானிக்கும்ங்கற நிறைதாக்க விதியைச் சொன்னாங்க. கெமிஸ்ட்ரிக்கு முதல் நோபல் பரிசு 1901-ல வாங்குன வான்ட் ஹாஃப் கூட பல வருசம் அந்த ஸ்டாஸ்ஃபர்ட் உப்புகளை எடுத்துக்கிட்டு எந்தச் சூட்டுல எது எதோட சேர்ந்து இறங்கும்னுதான் வேலை பாத்தாரு. இடம் மாத்தி எழுதுறதுல தீர்ற விஷயமா இருந்தா அவருக்கு அம்புட்டு வருசம் எதுக்கு?

இடம் மாத்துறது எங்கெங்க காலை வாரும்னு சொல்றேன். மயில்துத்தம், அதான் காப்பர் சல்பேட், அதோட பொட்டாசியம் அயோடைடு கலந்தா கைடு கணக்குப்படி காப்பர் டை அயோடைடு வரணும். அப்படி ஒரு பொருளே நிலைச்சு நிக்காது. அயோடைடு தன்னோட எலக்ட்ரானை காப்பருக்குக் குடுத்துரும், வெள்ளையா குப்ரஸ் அயோடைடு விழும், அயோடின் பிரிஞ்சு கரைசல் பழுப்பாகும், ஸ்டார்ச் ஒரு சொட்டு விட்டா கருநீலம். காலேஜ் லேபுல காப்பர் எம்புட்டு இருக்குன்னு இதை வச்சுத்தான் டைட்ரேட் பண்றாங்க. அலுமினியம் உள்ள படிகாரத்தைக் கரைச்சு சலவை சோடா, அதான் சோடியம் கார்பனேட், கரைசலை விடுங்க, அலுமினியம் கார்பனேட்னு எழுதுனா தப்பு, நுரைச்சு கார்பன் டை ஆக்சைடு போகும், கொழகொழன்னு அலுமினியம் ஹைட்ராக்சைடு இறங்கும், இதை வீட்டுலயே பாக்கலாம். ஃபெரஸ் சல்பேட்டையும் அமோனியம் சல்பேட்டையும் கலந்து காய வச்சா இடமே மாறாது, ரெண்டும் சேர்ந்து ஒரே படிகமா மோர் உப்பு (Mohr's salt) ஆகும், பிளஸ் டூ பிராக்டிகல்ல பிள்ளைக பியூரெட்டுக்குக் கீழ வச்சிருக்குற அதே மோர் உப்புதான். எல்லாமே உப்பு, எல்லாமே தண்ணியில கலந்ததுதான், ஆனா ஒவ்வொண்ணுக்கும் வேற வேற கேள்வி கேட்டாத்தான் பதில் வரும்.

இது பரீட்சையோட நிக்கலைங்க. நம்ம மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சு, இப்ப சொட்டு நீர் போடுறவங்களும் இருக்காங்க. உரமாப் போடுற கால்சியம் நைட்ரேட்டையும் மெக்னீசியம் சல்பேட்டையும் கெட்டியாக் கரைச்சு ஒரே டேங்க்ல ஊத்துனா ஜிப்சம் விழுந்து சொட்டுவாய் அடைச்சுக்கும், ரெண்டும் தெளிஞ்ச தண்ணிதான், தனித்தனியா ஒண்ணும் ஆகாது. தென்னைக்கு அடிக்கிற போர்டோ கலவை இருக்கே, 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணி, 1885-ல பிரான்ஸ்ல மில்லார்டே திராட்சைக்குச் சொன்னது, அதுல சுண்ணாம்பு பத்தலைன்னா கரைஞ்ச காப்பர் மிச்சம் நின்னு இலையைக் கருக்கிரும். அதைக் கண்டுபிடிக்க அருவா நுனியைக் கலவைக்குள்ள கொஞ்ச நேரம் முக்கி வைப்பாங்க, செம்பு நிறத்துல படிஞ்சா இன்னும் சுண்ணாம்பு போடு. இரும்பு கரைஞ்சு காப்பர் படியுது, அம்புட்டுதான், ஆனா அந்தத் தோட்டக்காரர் பாக்குறதும் கரைசல்ல எந்த அயனி மிச்சம் நிக்குதுன்னுதான். படிச்ச பிள்ளை அங்க போய் நின்னு பேப்பர்ல இடம் மாத்திக்கிட்டு இருந்தா என்ன பிரயோசனம்.

லேபுல வீழ்படிவு காட்டணும்னா உடனே லெட் நைட்ரேட்டையும் பொட்டாசியம் அயோடைடையும் எடுக்குறாங்க, மஞ்சளா அழகா விழும், நான் மறுக்கலை. ஆனா ஈயம் விஷம், கழுவி ஊத்துற தண்ணி கடைசியில எங்க போகுதுன்னு கடற்கரை ஊர்ல இருக்குற நம்மளாச்சும் யோசிக்கணும். அதுக்குப் பதிலா கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் சல்பேட்டும் போதும், வெள்ளையா விழும், ஆபத்து இல்லை. இன்னும் நல்லது ஒண்ணு நம்ம கடல்லயே இருக்கு. மண்டபம் பக்கம் பெண்கள் மூழ்கி எடுக்குற பாசியில கட்டக்கோரைன்னு ஒண்ணு, அதுல இருந்துதான் ஆல்ஜினேட்ங்கற பசைப்பொருள் எடுக்குறாங்க. சோடியம் ஆல்ஜினேட் கரைசலை கால்சியம் குளோரைடு கரைசல்ல சொட்டுச் சொட்டா விட்டா சோடியம் வெளிய வந்து கால்சியம் உள்ள போகும், ஒவ்வொரு சொட்டும் அப்படியே மணியாக் கெட்டியாகிரும், கையில எடுத்துப் பாக்கலாம். ஒரு உலோக அயனி இன்னொரு உலோக அயனியோட இடத்தைப் பிடிக்கிறதை இம்புட்டு தெளிவா வேற எதுலயும் காட்ட முடியாது, அதுவும் பிள்ளையோட அம்மா எடுத்த பாசி.

அதனால நான் கேக்குறது இதுதான். வினாத்தாள் எடுக்குறவங்க, "விளைபொருள் யாது"ன்னு கேக்குறப்ப "வினை நிகழுமா, நிகழாதா, ஏன்"னும் சேர்த்துக் கேளுங்க, விடைக்குறிப்புல "வினை இல்லை"ங்கறதுக்கும் முழு மார்க் போடுங்க. கரைசல்னா எம்புட்டு செறிவு, என்ன சூடுன்னு கேள்வியிலயே குடுங்க. உங்க பேப்பர்ல மாதிரி வினாத்தாள் தயாரிக்கிற ஆசிரியர்கள்கிட்டயும் இதை நீங்க சொல்லணும், அந்தப் பக்கத்தைப் பாத்து கைடு மாறும், கைடைப் பாத்து மத்தது மாறும்னு நான் உண்மையிலயே நம்புறேன்.

வாலிநோக்கத்துல தமிழ்நாடு அரசு உப்பு நிறுவனத்தோட பெரிய உப்பளம் இருக்கு, மண்டபத்துல பவநகர் மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையத்தோட கிளை இருக்கு. மாவட்டத்துல பிளஸ் ஒன் அறிவியல் படிக்கிற பிள்ளைகளை வருசத்துக்கு ஒரு தடவையாச்சும் அங்க கூட்டிட்டுப் போக கல்வித்துறை ஏற்பாடு பண்ணனும். மழைக்காலத்துல போய் பிரயோசனம் இல்லை, பாத்தியில மழைத்தண்ணிதான் நிக்கும். ஜூலை, ஆகஸ்ட்ல போகணும், போகும்போது பிள்ளைக கையில ஆளுக்கு ஒரு டிகிரி மீட்டர் குடுத்து, ஒவ்வொரு பாத்தியிலயும் அளந்து, இங்க எது இறங்கும்னு முதல்ல நோட்டுல எழுத வச்சுட்டு, அப்புறமா தண்ணிக்குள்ள கைவிட்டு எடுத்துப் பாக்கச் சொல்லணும்.

இப்படிக்கு,
கெமிஸ்ட்ரி டியூஷன் ஆசிரியர்,
திருப்பாலைக்குடி பகுதி, ராமநாதபுரம் மாவட்டம்